பின்னால் வருகிறவள்

அடையாறு,
பங்குனி, 1974

என் அன்பு மகளுக்கு,

உன் கடிதம் வந்தது. எழுத்துப் பிழைகளைத் திருத்தி வைத்திருக்கிறேன். மே விடுமுறைக்குக் குழந்தைகளோடு வருவதாக எழுதியிருக்கிறாய். என் நாட்களைப் பற்றி டாக்டர் அவ்வளவு தூரம் பேசவில்லை. சித்திரைப் பிறப்போடு நிறுத்திக்கொண்டார்.

நேற்று அவரைப் பார்த்துவிட்டு வீட்டுக்குத் திரும்பாமல் கிண்டி மான் காட்டுக்குப் போனேன். பங்குனியில் ஒரு நாள் அங்கே குளம் வரை நடப்பது நம் வீட்டு வழக்கம் அல்லவா. மெதுவாக நடப்பவர்தான் முன்னால் போக வேண்டும் என்பது உன் அப்பாவின் சட்டம். அப்போதுதான் யாரும் பின்தங்க மாட்டார்கள் என்பார். அந்த நாட்களில் முன்னால் நடந்தவள் நீ.

ஒற்றையடிப் பாதையின் குறுக்கே புள்ளிமான்கள் நின்றிருந்தன. ஓட்டப் பயிற்சியில் வந்த போலீஸ்காரர்கள் என் பின்னால் வந்து நின்றார்கள்.

“இன்னாம்மா, தனியாவா போய்க்கினுகீறே? மூஞ்சி வெளுத்துப் போய் கீதே” என்றான் ஒருவன்.

அந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கவில்லை. “என் மகள் பின்னால் வருகிறாள்” என்றேன்.

அவன் திரும்பிப் பார்த்தான். “கேட்டாண்டேர்ந்து ஓடியாறோம். வழில ஒருத்தரும் இல்லியேம்மா.”

மான்கள் விலகின. அவர்களும் ஓடிப் போனார்கள். நான் குளம் வரை போகவில்லை.

குழந்தைகளின் பரீட்சையைக் கெடுத்துக்கொண்டு புறப்படாதே. மே மாதம் அவர்களுக்கு மான்களைக் காட்டப் போனால், சின்னவளை முன்னால் நடக்க விடு.

உன் அம்மா