பின்சீட்டில் இருப்பவருக்கு

என்னங்க,

நம் பழைய காரை இனிச் சரிசெய்ய முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அன்று ஆஸ்பத்திரியில் உங்களைப் பற்றியும் அதையேதான் சொன்னார்கள். நான் காதில் வாங்கவில்லை.

கட்டுப்படியாகும் விலையில் பழைய ஸ்போர்ட்ஸ் செடான் கார் ஒன்றைப் பார்த்தேன். நீங்கள் சொல்லிக்கொடுத்தபடியே டயர் தேய்மானம் பார்த்தேன். கதவுகளைத் தட்டிப் பார்த்தேன். கார் வாங்குமுன் நீங்கள் பின்சீட்டில் உட்கார்ந்து, கண்ணை மூடி இன்ஜின் சத்தம் கேட்பீர்களே, அதற்குத்தான் ஆளில்லை.

மெக்கானிக்கிடம் கொண்டுபோனேன். அடிப்பாகம் பார்க்க வண்டியை ஜாக்கியில் தூக்கப் போனவர் நின்றுவிட்டார்.

"பின்னாடி தூங்குற சாரை எறங்கச் சொல்லுங்கம்மா."

நான் திரும்பிப் பார்க்கவில்லை. "அவர் தூங்கல. சத்தம் கேக்கிறார்" என்றேன்.

அதையே வாங்கிவிட்டேன்.

இந்தக் கடிதத்தைப் பின்சீட்டில் வைக்கிறேன். படித்துவிட்டு முன்னால் வாருங்கள். நான் என்ன உங்கள் டிரைவரா?

உங்கள் மனைவி