பாய்லர்க்காரர் சொன்னது

ஜூன் 4

அன்பு வாலுவுக்கு,

உன் அண்ணி எழுதுகிறேன். இங்கே எனக்கு உடம்பும் வேலையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்கின்றன. நீயும் கை வலி கால் வலி இல்லாமல் இருப்பாய் என்று நம்பி ஆரம்பிக்கிறேன். போன கடிதத்துக்கு நீ பதிலே போடவில்லை. ஊரார் படுக்கை விரிப்பையெல்லாம் சலவைக்கூடத்தில் துவைத்துக் கொடுக்கிறவளுக்கு அண்ணிக்கு நாலு வரி எழுத நேரம் இல்லை. நாத்தனார் புத்தி எங்கே போகும் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

இங்கே எங்கள் மூக்குக் கண்ணாடிக் கடையை இடம் மாற்றிவிட்டார்கள். மேட்டைத் தாண்டி அந்தப் பக்கம். இரண்டு பஸ் மாறவேண்டும், இரண்டும் நேரத்துக்கு வராது. அதனால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். நடைபாதையில் நிற்கிற உன் அண்ணனின் ஸ்கூட்டரைச் சரிபண்ணி நானே ஓட்டப்போகிறேன். சிரிக்காதே. நீ அதைப் பார்த்ததில்லை, நீ வேலைக்கென்று வெளியூர் போனபிறகு வாங்கியது. அன்றைக்குக் கடையில் இருந்ததிலேயே விலை குறைந்த வண்டி. பெட்ரோலோடு ஆயிலும் கலந்து ஊற்றவேண்டிய டூ ஸ்ட்ரோக். ஓடினால் தெருவுக்கே கொசு மருந்து அடித்த மாதிரி இருக்கும். உன் அண்ணன் வெளியூரில் வேலை தேடிக் கிளம்புவதற்கு முன்னால் கார்புரேட்டரைக் கழற்றி ஒரு தட்டில் வைத்தார். வந்து மாட்டுகிறேன் என்றார். ஒன்றரை வருஷமாக நான் அந்த வண்டியின்மேல் துணி காயப்போடுகிறேன்.

முனைக்கடை மெக்கானிக்கைக் கூட்டிவந்து காட்டினேன். சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு, "பழைய இரும்புக்குப் போட்டுட்டு நிம்மதியா இருங்கம்மா" என்றார். எனக்கு ரோஷம் வந்துவிட்டது. நாள் முழுக்க மூக்குக் கண்ணாடிக்குக் கடுகளவு திருகாணி போடுகிற கை இது. இதற்கு ஸ்பேனர் பிடிக்க வராதா?

உன் அண்ணனிடமிருந்து உனக்காவது ஏதாவது வந்ததா? எனக்கு முதல் மூன்று மாதம் கடிதம் வந்தது, அதற்கப்புறம் இல்லை. எங்கே இருந்தாலும் வேளைக்குச் சாப்பிடுகிறாரா என்று தெரிந்தால் போதும். நான் சாப்பிட உட்காரும்போது ரேடியோவைப் போட்டுவிட்டுத்தான் உட்காருகிறேன். யாராவது பேசிக்கொண்டிருந்தால்தான் சாப்பாடு இறங்குகிறது.

உன் அண்ணி

ஜூன் 15

அன்புள்ள அண்ணிக்கு,

வாலு எழுதுவது. நேரத்துக்கு எழுதாததற்கு நாலு குட்டு குட்டுங்கள், வாங்கிக்கொள்கிறேன். இங்கே இரண்டு பேர் வேலையை விட்டுப் போய்விட்டார்கள். அவர்கள் பங்கு விரிப்பையும் நான்தான் மடிக்கிறேன். தூக்கத்தில்கூடக் கை மடித்துக்கொண்டே இருக்கிறது.

அண்ணனிடமிருந்து எனக்கும் ஒன்றும் இல்லை.

ஸ்கூட்டர் விஷயம் படித்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தேன், அப்புறம் யோசித்தேன். எங்கள் சலவைக்கூடத்தில் பாய்லர் பார்க்கிறவர் ஒருவர் இருக்கிறார். இயந்திரம் தெரிந்தவர். அவரிடம் கேட்டேன். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன், எனக்கு ஒரு மண்ணும் புரியவில்லை. தட்டில் இருக்கிற கார்புரேட்டரைப் பெட்ரோலில் ஊறப்போடுங்கள். அதற்குள் ஜெட் என்று பித்தளையில் ஒரு குட்டிச் சாமான் இருக்கும், நடுவில் துளை. அந்தத் துளையில் ஊசி விடவே கூடாது, பெரிதாகிவிடும். வாயால் ஊதுங்கள், போகாவிட்டால் பல் தேய்க்கிற பிரஷிலிருந்து ஒரு நாரைப் பிடுங்கி அதைவிட்டுக் குத்துங்கள். டாங்கில் பழைய பெட்ரோலை ஒரு சொட்டு விடாமல் கொட்டிவிட வேண்டும். புதிதாக ஊற்றும்போது லிட்டருக்கு நாற்பது மில்லி ஆயில். வெறும் பெட்ரோல் ஊற்றினால் அன்றோடு எஞ்சின் கதை முடிந்தது.

தனியாக இருக்கிறோம் என்று சமைக்காமல் விட்டுவிடாதீர்கள்.

வாலு

ஜூலை 2

அன்பு வாலுவுக்கு,

உன் பாய்லர்க்காரர் வாய்க்குச் சர்க்கரைதான் போடவேண்டும். சொன்னபடியே செய்தேன். பிரஷ் நாரை விட்டதும் ஜெட்டிலிருந்து பச்சையாய் ஏதோ வந்தது. கால் கடுக்க உதைத்தபிறகு வண்டி ஒரு தும்மல் தும்மிப் பிடித்துக்கொண்டது. நடைபாதை முழுக்க வெள்ளைப் புகை. மேல்வீட்டுக்காரம்மா தீப்பிடித்துவிட்டது என்று வாளித் தண்ணீரோடு ஓடிவந்துவிட்டாள். நல்லவேளை, என்மேல் ஊற்றவில்லை. அதற்குள் எஞ்சின் நின்றுபோயிற்று. அதன்பிறகு உதைத்தால் கிக்கர் தையல் மெஷின் மிதி மாதிரி லொடலொடவென்று இறங்குகிறது. அழுத்தமே இல்லை. முனைக்கடைக்காரர் வந்து, பிஸ்டனும் சிலிண்டரும் தேய்ந்துபோச்சு என்றார். இந்த முறை இரும்புக்குப் போடச் சொல்லவில்லை என்பதைக் கவனி.

முன்விளக்கின் கண்ணாடி விரிசல் விட்டிருந்தது. அதைக் கழற்றிக் கடைக்குக் கொண்டுபோய், எங்கள் இயந்திரத்திலேயே அதே அளவில் புதிது வெட்டிக்கொண்டேன். எங்கள் முதலாளி பார்த்துவிட்டு, "வண்டிக்குத் தூரப்பார்வையா, கிட்டப்பார்வையா?" என்றார். கடையே சிரித்தது. நானும் சிரித்தேன். ரொம்ப நாளாயிற்று.

இப்போது ஒரு யோசனை கேட்கிறேன். சிலிண்டரை மாற்றித்தான் ஆகவேண்டும் என்றால், இதே வண்டிக்குப் பொருந்துகிற பெரிய சிலிண்டர், பெரிய பிஸ்டனோடு கிடைக்கிறதாம். அதைப் போட்டால் என்ன? உன்னிடம் மறைப்பானேன். பழைய எஞ்சினில் இரண்டு பேர் ஏறினால் வண்டி மேடு ஏறாது. ஒவ்வொரு தடவையும் உன் அண்ணன் அடிவாரத்தில் நிறுத்தி, "கொஞ்சம் இறங்கிக்கோ" என்பார். நான் நடந்து ஏறுவேன், அவர் உச்சியில் எஞ்சினை அணைக்காமல் நின்றுகொண்டிருப்பார். அவர் திரும்பி வரும்போது நான் இறங்காமல் ஏறவேண்டும். அவ்வளவுதான் என் ஆசை. பாய்லர்க்காரரைக் கேட்டு எழுது.

இத்தனை பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கிற மனுஷனுக்குக் கல்யாணம் ஆகிவிட்டதா? உனக்கு ஒரு துணை வேண்டாமா? அண்ணி கேட்கிறேன் என்று சொல்.

உன் அண்ணி

ஜூலை 14

அன்புள்ள அண்ணிக்கு,

பாய்லர்க்காரருக்குக் கல்யாணம் ஆகிவிட்டதாம். என் தலையில் கட்டும் திட்டத்தைக் கைவிடுங்கள்.

பெரிய சிலிண்டர் வேண்டாம் என்கிறார். இருக்கிற அளவிலேயே புதியது போடுங்கள், வண்டி தாங்கும் என்கிறார். அந்த வண்டியின் பிரேக் பழைய வேகத்துக்கே நிற்க யோசிக்கும், எஞ்சின் பெரிதானால் ஆபத்து என்றும் சொன்னார். சிலிண்டரைக் கழற்ற முதலில் எஞ்சின் பக்கத்தில் இருக்கிற விசிறி மூடியைக் கழற்றவேண்டும். அதில் நான்கு திருகாணி. மூன்று ஒழுங்காக வரும். கீழே மூலையில் இருப்பதற்கு மட்டும் வேறு ஸ்க்ரூ டிரைவர் வேண்டும், சின்னது. அந்தத் திருகாணி வண்டியோடு வந்ததில்லை, மேசை விசிறியிலிருந்து எடுத்துப் போட்டது. வலுவாகத் திருகினால் தலை மழுங்கிவிடும், பார்த்து.

வண்டியைத் தனியாக ஸ்டாண்டில் ஏற்றாதீர்கள். உங்களுக்கு இடது பக்கம் இடுப்பு பிடித்துக்கொள்ளும்.

வாலு

ஜூலை 20

வாலு,

யாருக்குக் காது குத்துகிறாய்?

கீழே மூலையில் இருந்த திருகாணியைக் கழற்றினேன். நீ எழுதியபடியே சின்னது, வெள்ளைப் பூச்சு. கொண்டுபோய் நம் மேசை விசிறியின் அடியில் வைத்துப் பார்த்தேன். பொருந்துகிறது. அந்த விசிறி ஏன் இத்தனை வருஷமாக ஆடுகிறது என்று இன்றைக்குத்தான் எனக்கே தெரியும். மேல்வீட்டுப் பூனை தள்ளிவிட்டது என்று சொல்லியிருந்தார் உன் அண்ணன். பாவம், அந்தப் பூனையை நான் எத்தனை தடவை விரட்டியிருக்கிறேன்.

கூட வாழ்ந்த எனக்கே தெரியாத திருகாணி, வண்டியைக் கண்ணால் பார்க்காத உனக்கு எப்படித் தெரிந்தது? என் இடது இடுப்பு உன் பாய்லர்க்காரருக்கு எப்படித் தெரியும்?

உன் அண்ணன் எவ்வளவு நாளாக அங்கே இருக்கிறார்? நான் இங்கே பேப்பரில் விபத்துச் செய்தி வந்தால் ஊர்ப் பெயரைப் பார்க்கப் பயந்து பக்கத்தைத் திருப்பிக்கொண்டிருக்கிறேன். நீ அங்கே உட்கார்ந்து "எனக்கும் ஒன்றும் இல்லை" என்று எழுதுகிறாய். எனக்கு வந்த கோபத்தில் ஸ்பேனரை எறிந்தேன். சுவரில் காரை பெயர்ந்துவிட்டது. அப்புறம் அவர் உயிரோடு இருக்கிறாரே என்று உட்கார்ந்து அழுதேன். இரண்டையும் ஒரே மாலையில் செய்தேன்.

அவருக்கு என்ன ஆனது, ஏன் ஒளிந்தார், எதுவும் நான் கேட்கப்போவதில்லை. வேலை இல்லையா, வெட்கமா, இருந்துவிட்டுப் போகட்டும். ஒரு வரி, அவர் கையால், எனக்கு. "இருக்கிறேன்" என்று எழுதினாலும் சரி. அது வந்தால் மற்றதை நான் பார்த்துக்கொள்கிறேன். வரவில்லை என்றாலும் பார்த்துக்கொள்ளத்தான் வேண்டும்.

அண்ணி

ஆகஸ்ட் 3

அன்புள்ள அண்ணிக்கு,

என்னைத் திட்டுங்கள். எழுதாமல் மட்டும் இருந்துவிடாதீர்கள்.

போன மழைக்காலத்தில் அண்ணன் என் கதவைத் தட்டினார். அவர் சேர்ந்த தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். கையில் ஒரு பை, முகத்தில் தாடி. "அவகிட்ட சொல்லிடாத, ஒரு நல்ல வேலை கெடச்சதும் நானே போறேன்" என்று என் தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கிக்கொண்டார். நான்தான் பேசி எங்கள் சலவைக்கூடத்திலேயே பாய்லரில் சேர்த்துவிட்டேன். அதனால் பாய்லர்க்காரர் பொய் இல்லை அண்ணி. அது ஒன்றுதான் நான் உண்மையாக எழுதியது.

உங்கள் கடிதம் வந்தால் நான் பிரிக்கக் கூடாது. அவர் பிரித்துப் படித்துவிட்டுத்தான் என்னிடம் தருவார். ஸ்கூட்டர் பற்றி நீங்கள் கேட்டதும் மனுஷருக்கு உயிர் வந்துவிட்டது. கார்புரேட்டர் படம் போட்டு எனக்குப் பாடம் எடுத்தார். உங்கள் கடைசிக் கடிதத்தையும் படித்துவிட்டு என்னிடம் நீட்டினார். "எழுதேன் அண்ணா, ஒரு வரிதானே கேக்கறாங்க" என்றேன். "என்னத்தப் போட்டு ஆரம்பிக்கிறது?" என்றார். "அன்புள்ளன்னு ஆரம்பி" என்றேன். ராத்திரி முழுக்கத் தாளோடு உட்கார்ந்திருந்தார். காலையில் மடித்து என்னிடம் கொடுத்தார். நான் பிரித்துப் பார்க்கவில்லை. கூட வைத்திருக்கிறேன்.

வாலு

(உள்ளே மடித்து வைத்த தாள்)

சிலிண்டர் பெரிதாகப் போடுவதாக இருந்தால் பழைய ஜெட் போதாது. பெட்ரோல் குறைந்து பிஸ்டன் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். இரண்டு நம்பர் பெரிய ஜெட் போடவும். பிரேக் ஷூ இரண்டும் புதிதாக மாற்றவும். ஹெட் போல்ட்டுகளைக் குறுக்கும் மறுக்குமாகக் கொஞ்சம் கொஞ்சமாக முடுக்கவும். முதல் ஐந்நூறு கிலோமீட்டர் விரட்டக் கூடாது. பிறகு பிளக்கைக் கழற்றிப் பார்க்கவும். காப்பித்தூள் நிறம் இருந்தால் சரி. வெளுத்திருந்தால் ஓட்ட வேண்டாம்.

செப்டம்பர் 9

அன்பு வாலுவுக்கு,

உன்மேல் கோபம் இல்லை. இருந்தது, எஞ்சின் வேலையில் கரைந்துவிட்டது. தலையில் கை வைத்துச் சத்தியம் வாங்கினால் நீ என்ன செய்வாய்.

அந்தத் தாளை இரண்டு மூன்று தடவை படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். கவருக்குள் வேறு ஏதாவது ஒட்டிக்கொண்டிருக்கிறதா என்று கவரையும் கிழித்துப் பார்த்தேன்.

பெரிய சிலிண்டர் போட்டுவிட்டேன். முனைக்கடைக்காரர் கூட இருந்து பிடித்துக்கொடுத்தார், முடுக்கியதெல்லாம் நான். ஜெட், பிரேக், போல்ட்டு எல்லாம் தாளில் எழுதியபடி. ஒரு எழுத்துத் தப்பில்லை. நேற்று பிளக்கைக் கழற்றினேன், காப்பித்தூள் நிறம். வண்டி இப்போது வெண்ணெய் மாதிரி போகிறது. முதலாளி என்னைப் பார்த்து, பஸ் கம்பெனிக்காரன் அழுகிறானாம் என்கிறார்.

இவ்வளவும் எழுதுவது எதற்கென்றால், தாள் வந்தபிறகும் நான் காத்திருந்தேன். வண்டிக்குச் சொல்லவேண்டியதைச் சொல்லி முடித்துவிட்டார், அடுத்தது எனக்குத்தான் என்று நினைத்தேன். தபால்காரர் தெருவில் திரும்பும்போது ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிற்பேன். நீயும் எழுதவில்லை. உனக்குச் சொல்ல ஒன்றும் இல்லை என்று புரிந்துகொண்டேன். நானாவது அவருக்கு எழுதலாம் என்று போன ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தேன். கிலோமீட்டரும் மைலேஜும்தான் வந்தது. அவரை எதற்குக் குறை சொல்ல? எங்களுக்குள் இவ்வளவுதான் மிச்சம் இருக்கிறது போலிருக்கிறது. ஆனால் இதை வைத்துக்கொண்டு நான் மேற்கொண்டு காத்திருக்க முடியாது வாலு. எனக்குப் பசிக்கிறது, எனக்குத் தூக்கம் வரவேண்டும்.

நேற்று மேல்வீட்டுக்காரம்மாவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மேட்டுக்குப் போனேன். அவள் எடை உனக்குத் தெரியாது, நானும் சொல்லமாட்டேன். வண்டி முனகிற்று, ஆனால் நிற்காமல் ஏறிவிட்டது. உச்சியில் அவள் இறங்கி மூச்சு வாங்கிக்கொண்டு, "அடேங்கப்பா! சார் வந்து பாத்தா அசந்துபோயிடுவாரு. எப்பம்மா வர்றாரு?" என்றாள். இத்தனை நாளும் அடுத்த மாசம் என்றுதான் சொல்லிவந்தேன். "வரமாட்டாருக்கா" என்றேன். அவள் என் முதுகில் கை வைத்தாள். அப்படியே கொஞ்ச நேரம் நின்றோம், பின்னால் வந்த லாரிக்காரன் ஹாரன் அடிக்கும்வரை.

இந்தக் கடிதத்தையும் அவர்தான் முதலில் பிரிப்பார் என்று தெரியும். படிக்கட்டும். நீ எனக்கு நாத்தனாராகவே இரு, அதில் ஒரு மாற்றமும் இல்லை. லீவு கிடைத்தால் வந்து பத்து நாள் இருந்துவிட்டுப் போ. உன் கை வலிக்கு நான் தைலம் தேய்த்துவிடுகிறேன். உன் வேலை, உன் சண்டை, உன் சம்பளக் கதை எல்லாம் எழுது. வண்டியைப் பற்றி அவர் கேட்டால் நன்றாக ஓடுகிறது என்று சொல். என்னைப் பற்றிக் கேட்டால், கேட்டார் என்று மட்டும் எனக்கு எழுதாதே.

அன்புடன்,
உன் அண்ணி