மீன்கொத்திக்கு முன்னால் இருந்த தண்ணீர்

என் கோபம் இன்னும் ஆறாத அன்பு மாமாவுக்கு,

செத்தவரோடு சண்டை போடக்கூடாதாம். உங்கள் முப்பதாம் நாள் பூசை முடிந்து மாதாகோயிலை விட்டு வெளியே வரும்போது சாமியார் என்னிடம் சொன்னார். உயிரோடு இருந்தபோது என்னைப் பேசவிட்டிருந்தால், இப்போது நான் ஏன் எழுதப்போகிறேன்?

நம் ஸ்டுடியோவில் நீங்கள் வைத்ததுதான் சட்டம். ஆள் நடுவில் இருக்கணும், முகம் நேராக இருக்கணும், இரண்டு பல்பும் மூக்குக்கு எதிரே எரியணும். கொஞ்சம் நிழல் விழுந்தால், "மூஞ்சில கரி பூசிட்டியான்னு கேப்பான்டா" என்பீர்கள். கல்யாணப் பெண்ணுக்கு அது சரி. பறவைக்குமா மாமா? ஒரு புறாவைப் பிடித்து ஸ்டூலில் உட்கார வைத்து, "நேரா பாக்க வைடா" என்று என்னை அதட்டினீர்களே. புறா உங்கள் ஸ்டூலிலேயே எச்சம் போட்டுவிட்டுப் போனது. எனக்கு அன்று பரம திருப்தி.

செட்டிக்குளத்துக் கறுப்பு வெள்ளை மீன்கொத்திக்கு நான் பட்ட பாடு உங்களுக்குத் தெரியும். உச்சி வெயிலில் எடுத்த படங்களில் வெள்ளை இறகு சுண்ணாம்பாக வெளுத்தது, கறுப்பு இறகு தாராகக் கட்டிக்கொண்டது, கண் எங்கே என்றே தெரியவில்லை. அப்புறம்தான் காலை வெயிலுக்கு மாறினேன். வெயில் பக்கவாட்டில் விழும் இடம் பார்த்துத் தண்ணீரில் காய்ந்த கொம்பு ஒன்றை நட்டேன். பறவை அதில் உட்காரப் பழகிய பிறகு, கேமராவை அதன் உயரத்துக்குத் தாழ்த்தி வைத்து, சாக்கைப் போர்த்தி, அதன் பட்டனில் நூல் கட்டி, கரையில் படுத்துக்கொண்டு இழுத்தேன். படத்தின் இடது ஓரத்தில் பறவை. அது பார்க்கும் பக்கம் முழுக்கத் தண்ணீர். கண்ணில் ஒரு பொட்டு வெளிச்சம்.

அந்த நெகட்டிவைத்தான் வெட்டினீர்கள். அனந்தபுரத்து நெல் வியாபாரி காலண்டருக்குப் பறவைப் படம் கேட்டாராம். பறவையை மட்டும் விட்டுவிட்டுத் தண்ணீரைக் கத்தரியால் நறுக்கிக் குப்பையில் போட்டீர்கள். பிரிண்டை வெட்டியிருந்தால் இன்னொன்று போட்டிருப்பேன். நெகட்டிவை வெட்டினால் எங்கே போவது?

"காலி எடத்துக்குக் காலண்டர்ல இன்னாடா வேல? பறவ பெருசா இருக்குதில்ல?"

"அது எத பாக்குது மாமா?"

"செவுத்த பாக்குது, போடா."

சொல்லிவிட்டுச் சிரித்தீர்கள். அந்தச் சிரிப்பை நான் மன்னிக்கவில்லை. அதற்குப் பிறகு நாம் பேசியதெல்லாம் பேப்பர் தீர்ந்துவிட்டது, பல்பு போய்விட்டது, அவ்வளவுதான்.

இப்போது இங்கே நடந்ததைக் கேளுங்கள். செஞ்சி முழுக்க முகம் பிடித்த நீங்கள், உங்கள் முகத்தை ஒருநாளும் எடுக்க விடவில்லை. பூசைக்கு முன்னால் அக்கா வந்து புருஷன் படம் கேட்டாள். என்னிடம் இருந்தது ஒன்றுதான். "நேரா பாக்க வைக்கறத நான் காட்டறேன் பாரு" என்று, அந்தச் சண்டைக்கு முன்னால் ஒரு காலையில், வெள்ளைச் சட்டையோடு குளத்தில் இறங்கி, மீன்கொத்தியிடம் நேராக நடந்தீர்களே. அது பறந்துவிட்டது. நீங்கள் அதையே பார்த்தபடி நின்றபோது எடுத்தேன். இடது ஓரத்தில் நீங்கள், ஒரு கன்னத்தில் வெயில், மறு கன்னத்தில் நிழல். மீதி எல்லாம் தண்ணீர்.

"இன்னாடா, உங்க மாமா ஓரமா இருக்காரு? வெட்டி நடுவுல வைடா. மால போடணும்ல" என்றாள் அக்கா.

நெகட்டிவை வெளியே எடுத்தேன். உங்கள் கத்தரியையும் எடுத்தேன். பொய் சொல்வானேன், கை குறுகுறுத்தது.

"ஆமா, எங்கடா பாக்குறாரு?"

"மீன்கொத்திய."

"எங்க அது?"

"பறந்துடுச்சிக்கா. அந்தப் பக்கமாத்தான்."

அக்கா பிரிண்டில் அந்தத் தண்ணீர்மேல் விரலை வைத்தாள். "அப்ப வெட்டாத. வெட்டிட்டா அவரு எத பாத்துக்கினு இருப்பாரு?" என்றாள். பிறகு அழுதாள். எனக்கும் அடக்க முடியவில்லை, அதற்காகவும் உங்கள்மேல் கோபம்தான்.

படம் ஸ்டுடியோவில் தொங்குகிறது, ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும் சுவரில். ஏன் ஓரமா இருக்காரு என்று வருகிறவர்கள் கேட்கிறார்கள். கேட்கட்டும்.

ஒரு வாக்கு தருகிறேன் மாமா. நான் இருக்கும்வரை, உங்களுக்கு முன்னால் இருக்கும் அந்தத் தண்ணீரில் நூலளவும் குறையாது. என் மீன்கொத்திக்கு நீங்கள் விட்டுவைக்காததை உங்களுக்கு விட்டிருக்கிறேன். நன்றாகப் பாருங்கள்.

உங்களோடு இன்னும் பேசாத மச்சினன்,
ஆரோக்கியம்