ஆல்டோவுக்கு ஒரு ஆம்ப்

அக்டோபர் 6, ஞாயிறு

இந்தக் கிறிஸ்துமஸுக்குப் பாடகர் குழுவில் ஆல்டோ ஆறு பேர் வேண்டாம், நான்கு போதும் என்று ஆராதனை முடிந்ததும் குழுத் தலைவன் ஜெய்சன் அறிவித்தான். நவம்பர் கடைசியில் ஒவ்வொருவரையும் தனியாகப் பாடவைத்துப் பார்ப்பானாம். தேறாதவர்களுக்கு கேக் பரிமாறும் கமிட்டியில் இடம் உண்டு. இதைச் சொல்லும்போது அவன் யாரையும் பார்க்கவில்லை. ஒருவரை மட்டும் பார்க்காமலிருந்தால் கண்டுபிடித்துவிடுவார்கள். எல்லோரையும் பார்க்காமலிருந்தால் அது அடக்கம். குழு நடத்தக் கற்றுக்கொண்டுவிட்டான்.

அவன் ஞாயிறு பள்ளியில் மூக்கொழுக உட்கார்ந்திருந்த காலத்திலேயே நான் ஆல்டோ. பெண்களில் கீழ்க்குரல். மெட்டு மேல்குரல் பாடும் சோப்ரானோக்களுக்குப் போய்விடும். எங்களுக்கு அதன் அடியில் ஓடுகிற வரி, தரைக்குக் கீழே போகிற குடிநீர்க் குழாய் மாதிரி. ஒழுகினால்தான் ஆட்கள் வந்து பார்ப்பார்கள்.

கேக் கமிட்டி. நானா?

அக்டோபர் 7, திங்கள்

ஆல்டோ வரியை, எங்களில் இளையவளான ஷெரினைப் பாடவைத்துப் பதிவுசெய்து குழுவுக்கு அனுப்பியிருக்கிறான் ஜெய்சன். ஷெரின் நன்றாகப் பாடுகிறாள். அது அவளுடைய குறைகளில் ஒன்று.

பள்ளி, திருத்த வேண்டிய தாள், சமையல் எல்லாம் போக, படிப்பதற்கு எனக்கு மிஞ்சுவது பேருந்து மட்டுமே. நாகமலை புதுக்கோட்டையிலிருந்து எழுமலை வரை. அந்த நேரத்துக்கு ஓட்டுநரும் உரிமை கொண்டாடுகிறார். அவருடைய ஸ்பீக்கர்கள் என் தலைக்கு மேலே இருக்கின்றன. ஃபோனைக் காதோடு அழுத்திக் கேட்டேன். ஷெரின் வாயசைப்பது போலிருந்தது.

அக்டோபர் 9, புதன்

மஸ்கட்டில் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை பார்க்கும் என் தம்பி இன்பசேகரன் போன வருடம் கொடுத்துவிட்டுப் போன பெரிய ஹெட்போன் பீரோவின் மேல் கிடந்தது. காதை முழுக்க மூடுகிறது. பேருந்தில் பாட்டு பாதியாகக் குறைந்தது. ஷெரினும் பாதியாகக் குறைந்தாள். ஃபோனில் சத்தத்தை முழுக்க வைத்தும் கொசு பாடுகிற அளவுதான்.

என் கணவர் கிளமெண்ட் ஹெட்போனைத் திருப்பிப் பார்த்து, அடியில் அச்சிட்டிருந்த எண்ணைப் படித்தார்.

"எரநூத்தம்பது ஓம். ஃபோனுக்கு இம்புட்டு சக்தி ஏது? சத்தத்த ஏத்திவிட தனியா ஒரு ஆம்ப் வேணும் ஜாய்ஸ்."

டாக்டர் எக்ஸ்ரேயைத் தூக்கிப் பிடித்துச் சொல்கிற தொனி. அவர் சர்வே அலுவலகத்தில் எழுத்தர். ஆம்ப் பற்றி அவருக்கு நேற்று வரை எதுவும் தெரியாது. நாளைக்குள் எல்லாம் தெரிந்துவிடும். அதுதான் எனக்குப் பயம்.

அக்டோபர் 12, சனி

தெரிந்துவிட்டது. மூன்று இரவுகளாக யூடியூபில் தாடி வைத்த இளைஞர்கள் எங்கள் வீட்டுக் கூடத்தில் பேசிக்கொண்டிருக்கிறார்கள். ஒருவருக்கு ஒலி "வெதுவெதுப்பாக" இருக்கிறது. இன்னொருவருக்கு "காற்றோட்டமாக". குற்றாலத்தில் அறை பார்க்கிறார்களா, ஆம்ப் பார்க்கிறார்களா? ஷெரினின் குரல் பேருந்தில் கேட்குமா என்று எவரும் சொல்லவில்லை.

அக்டோபர் 19, சனி

டவுன்ஹால் ரோட்டுச் சந்தில் ஜமீல் பாயின் கடை. எனக்குக் கடைக்காரர்களைப் பிடிக்காது. அவர்கள் நமக்கு எது தேவை என்று நமக்கு முன்பே முடிவு செய்துவிடுகிறார்கள். இவர் ஹெட்போனைக் கையில் வாங்கி எடை பார்த்துவிட்டு, "யா அல்லா, இத மாட்டிக்கிட்டா பஸ்ல போறீங்க டீச்சர்?" என்றார்.

ஒரு விரல் நீளத்தில் ஒன்று கொடுத்தார். ஃபோனில் செருகினால் போதும், அதற்கெனத் தனியாக பேட்டரி இல்லை. "கேட்டுப் பாருங்க. சரிப்படலேன்னா அடுத்த சனிக்கிழமை கொண்டாங்க. ஓடிப்போயிர மாட்டேன்."

கிளமெண்டுக்கு மனமில்லை. தாடிக்காரர்களில் ஒருவருக்கு அது "குளிர்ச்சியாக" இருந்ததாம்.

அக்டோபர் 22, செவ்வாய்

குளிர்ச்சி இல்லை. உசிலம்பட்டி போவதற்குள் தோசைக்கல்லாய்ச் சுடுகிறது. தன் சாப்பாட்டை ஃபோனிடமிருந்து பிடுங்கித் தின்பதால் மாலைக்குள் ஃபோன் செத்துவிடுகிறது. செக்கானூரணி தாண்டியதும் ஒரு பள்ளம்; பேருந்து குதித்தால் செருகியது கழன்று பாட்டு நின்றுபோகிறது. சாலை போட்டவர்கள் என் எதிரிகள் பட்டியலில் இதுவரை இல்லை. சேர்த்தாயிற்று.

அக்டோபர் 26, சனி

திருப்பிக் கொடுத்துவிட்டு, சட்டையில் மாட்டிக்கொள்கிற ப்ளூடூத் டப்பா ஒன்று வாங்கி வந்தேன். ஃபோனுக்கும் இதற்கும் வயர் கிடையாது. ஜமீல் பாய் முதலிலேயே சொன்னார்: "சின்ன ஹெட்போனுக்கு இது ராஜா. உங்களோடதுக்கு இது பத்தாது டீச்சர். அண்ணன் கேக்குறாரேன்னு தாரேன்."

அண்ணன் என்றது கிளமெண்டை. வயர் இல்லாததுதான் நாகரிகம் என்று அண்ணன் கடை வாசலில் நின்று சொற்பொழிவாற்றினார்.

அக்டோபர் 29, செவ்வாய்

பத்தவில்லை.

நவம்பர் 9, சனி

டப்பாவைத் திருப்பிக் கொடுத்து, மூன்றாவது ஆம்ப். சோப்புப் பெட்டி அளவு, சோப்பை விடக் கனம். சொந்த பேட்டரி. சத்தத்தைக் கூட்டிக் குறைக்க உண்மையான ஒரு குமிழ். கண்ணால் பார்க்காமல் கைப்பைக்குள் விரலைவிட்டே திருப்பலாம். பெரிய ஹெட்போனுக்குச் சக்தியை ஏற்றிவிட ஒரு சுவிட்ச். ஃபோனோடு சேர்த்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிக்கொள்ள வேண்டும். கிளமெண்ட் இதை "அசிங்கம்" என்றார். அந்த இடத்திலேயே முடிவு செய்துவிட்டேன்.

நவம்பர் 11, திங்கள்

கேட்கிறது.

ஷெரின் வரிக்கு நடுவில் எச்சில் விழுங்குவது கேட்கிறது. ஓட்டுநரின் பாட்டு வேறொரு ஊரில் நடக்கும் கல்யாணம் மாதிரி ஒதுங்கிவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த சோணையம்மாள், எழுமலைச் சந்தையில் வெங்காயம் விற்பவர், வயர்களையும் டப்பாவையும் பார்த்துவிட்டு என் முழங்கையைத் தொட்டார்.

"பிரஷர் பாக்குற மிசினா டீச்சர்? எம்புட்டு காட்டுது?"

"பாட்டு கேக்குறேன்."

"இதுக்கா இம்புட்டு வயரு? பாட்டுத்தேன் மேல ஓடுதே."

நவம்பர் 14, வியாழன்

எழுதாமல் தூங்க முடியாது.

வழக்கமாகப் பாட்டு முடிந்ததும் முதலிலிருந்து போட்டுவிடுவேன். இன்று கண்டக்டர் சில்லறைக்காக நின்றதால் கை ஒழியவில்லை. பாட்டு முடிந்தும் பதிவு ஓடியது. நிறுத்த மறந்திருக்கிறார்கள். அறையின் மறுமூலையில் பேச்சு. ஃபோனில் மட்டும் கேட்டால் அது வெறும் இரைச்சல். குமிழைத் திருப்பினேன்.

ஷெரின்: "ஜாய்ஸ் ஆண்ட்டிய குழுவுல இருந்து எடுத்துருவீங்களாண்ணே?"

ஜெய்சன்: "எடுத்தா கிளமெண்ட் அங்கிள் வீட்டு வாசல்ல வந்து நிப்பாரு. ஆண்ட்டி குழுவுல இருக்கட்டும். ஆண்ட்டி மைக்க எப்பவும்போல ஆஃப் பண்ணிருவோம். ரெண்டு வருசமா அப்படித்தானே ஓடுது."

"பாவம்ணே."

"பாவந்தான். சுருதியில நிக்க மாட்டேங்குறாங்களே. ரெண்டாவது வரிக்கே இறங்கிருறாங்க."

மூத்த ஆல்டோ ஆர்கனுக்குப் பக்கத்தில் தனி மைக்கோடு நிற்பது எங்கள் சபையின் வழக்கம். அது ஒரு மரியாதை. எனக்கு முன் நின்றவர் இறந்த பிறகு அந்த இடம் எனக்கு வந்தது. ரெண்டு வருசமாக நான் அங்கே நின்று செத்த மைக்கில் கர்த்தரைத் துதித்திருக்கிறேன். யூடியூபில் ஆராதனை பார்க்கிற மஸ்கட், துபாய், அவனியாபுரம் எதற்கும் நான் பாடியது போய்ச்சேரவில்லை.

நான் இறங்குகிறேனாம்! அவனுக்கு ச-ரி-க சொல்லிக்கொடுத்தது யாரு? மூக்கத் தொடச்சுவிட்டது யாரு? என்னையவா... சின்னப்பய—

போதும்.

நவம்பர் 15, வெள்ளி

கிளமெண்டிடம் சொல்லவில்லை. சொன்னால் உண்மையாகவே அவன் வீட்டு வாசலில் போய் நிற்பார். அப்படி நிற்கும் ஆள் என்று அவன் கணித்திருப்பது சரிதான் என்பது எனக்கு இன்னும் எரிச்சல்.

நவம்பர் 30, சனி

தேர்வு. பாடினேன். ஜெய்சன் கண்ணை மூடித் தலையை ஆட்டினான். "நல்லா இருக்கு ஆண்ட்டி." நால்வரில் நானும் உண்டு. அவனுடைய நடிப்புக்குச் சட்டசபையிலேயே இடம் கிடைக்கும்.

டிசம்பர் 22, ஞாயிறு

கிறிஸ்துமஸ் பாட்டுகளுக்கான கேரல் ஆராதனை. எல்லோரும் ஏறி நின்ற பிறகு, சபை ஆயரின் மனைவி, ஆயர் அம்மாவின் காதில் விழும்படி ஷெரினைக் கூப்பிட்டேன்.

"நீ இங்கன வாம்மா. மூத்தவ மூத்தவன்னு நானே எத்தன வருசம் மறைச்சுக்கிட்டு நிக்கிறது? சின்னப்பிள்ளைக முன்னால தெரியட்டும்."

"இல்ல ஆண்ட்டி, நீங்கதான்... அது உங்க இடம்..."

"கேட்டியா, எம்புட்டு அடக்கம்!" என்றார் ஆயர் அம்மா. "போ ஷெரின், பெரியவங்க சொல்றாங்கல்ல."

எங்கள் சபையில் மைக்கைப் பறிக்கலாம். பெரியவர் விட்டுக்கொடுத்த இடத்தை மறுக்க முடியாது. ஷெரின் ஆர்கனுக்குப் பக்கத்தில், செத்த மைக்கின் முன்னால் போய் நின்றாள். பின்வரிசையில், மற்ற ஆல்டோக்களுக்கான மைக்கின் முன்னால் நான். ஜெய்சன் பார்த்தான். மைக்குகளை அவன்தான் ஆராதனைக்கு முன்பே சரிசெய்து வைத்துவிட்டு வருவான்; அதன் பிறகு இரண்டு கையும் தாளத்துக்கு. முதல் பாட்டு தொடங்கும்போது அவன் முகம், வினாத்தாள் மாறி வந்த மாணவனின் முகம்.

தொண்டை திறந்து பாடினேன்.

டிசம்பர் 23, திங்கள்

பள்ளியில் அரையாண்டுப் பரீட்சையின் கடைசி நாள். பேருந்தில் நேற்றைய பதிவைப் போட்டேன். குமிழ், சுவிட்ச், எல்லாம் முழுக்க.

முதல் வரி சரி.

இரண்டாவது வரியில் ஒரு குரல் இறங்குகிறது. அதிகமில்லை. அரைச் சுரத்துக்கும் குறைவு. ஆனால் ஏறவே இல்லை. பாட்டு முடிகிறவரை கூடவே வருகிறது, எல்லோருக்கும் சற்றுக் கீழே, மிகுந்த நம்பிக்கையோடு. யாருடைய குரல் என்று நான் தேட வேண்டியிருக்கவில்லை. ஆறு பாட்டிலும் அதே இடத்தில் அதே இறக்கம்.

வயர் கோளாறாக இருக்கும் என்று கழற்றி மாட்டிக் கேட்டேன். பிறகு ஷெரினின் பழைய பதிவைப் போட்டேன். அது நேராக நின்றது.

கிளமெண்ட் பார்த்த தாடிக்காரர்களில் ஒருவர், நல்ல ஆம்ப் எதையும் கூட்டாது, குறைக்காது, உள்ளதை அப்படியே காட்டும் என்றாராம். இதைச் சொல்ல அவருக்குத் தாடி தேவைப்பட்டது.

டிசம்பர் 24, செவ்வாய்

இன்பசேகரன் மஸ்கட்டிலிருந்து: "அக்கா, இந்தத் தடவ உன் குரலு கேட்டுச்சு!" வேறொன்றும் சொல்லவில்லை. அவனுடைய தொழிலே கேட்பது.

டிசம்பர் 28, சனி

பயிற்சிக்கு முன்னால் ஜெய்சனைத் தனியாகப் பிடித்தேன். அன்பாகத்தான் சொன்னேன். எனக்கு அன்பு பழக்கமில்லாததால் அது எப்படி வெளிவந்ததோ தெரியாது.

"என் மைக்க எப்பவும்போல ஆஃப்லயே வச்சிருப்பா."

வெளுத்துப்போனான். "ஐயய்யோ ஆண்ட்டி! யாரு சொன்னா? ஷெரினா சொன்னா? ஆன்லதான இருக்கு. பாருங்க, பாருங்க!" ஓடிப்போய் மைக்கைத் தட்டினான். கோவில் முழுக்க இடித்தது.

"நெசமாத்தான் சொல்றேன். ஆஃப் பண்ணிரு."

"கோவமா இருக்கீங்க ஆண்ட்டி. இனிமே பாருங்க. யாரு குரலு கேக்குதோ இல்லியோ, உங்க குரலு கேக்கும்."

மைக்குகளின் ஒலியைக் கூட்டிக் குறைக்கும் மிக்ஸரில் என் பொத்தானை மேலே தள்ளி, அதன் மேல் டேப் ஒட்டிவிட்டான், யாரும் குறைத்துவிடாதபடி. ஷெரின் என்னைப் பார்க்கவில்லை. நான் சொல்வதை நம்பாமலிருக்க அவனுக்கு எல்லாக் காரணமும் உண்டு. வாழ்நாளெல்லாம் நான் அவனிடம் எதையும் நேராகச் சொன்னதில்லை.

ஜனவரி 5, ஞாயிறு

ஆர்கனுக்குப் பக்கத்தில், என் இடத்தில், உயிருள்ள மைக்கின் முன் நின்றேன். எல்லாப் பாட்டுக்கும் வாயை அழகாகத் திறந்து அழகாக மூடினேன். சத்தம் விடவில்லை.

முடிந்ததும் ஜெய்சன் வேர்வையோடு வந்தான். "ஆண்ட்டி, இன்னைக்கு சுருதி அப்படியே நின்னுச்சு. மனசுல இருந்து சொல்றேன்."

"நன்றிப்பா" என்றேன். அவன் மனசிலிருந்துதான் சொன்னான். அதுதான் கொடுமை.

ஜனவரி 6, திங்கள்

பேருந்து. நேற்றைய பதிவு, முழுச் சத்தத்தில். ஆர்கனுக்குப் பக்கத்து மைக்கில் ஒவ்வொரு வரிக்கு முன்னாலும் என் மூச்சு மட்டும் கேட்கிறது. எடுக்க வேண்டிய இடத்தில், சரியாக எடுத்திருக்கிறேன்.