வொறன்ரி முடிந்த கிழமை

20 மே 2025, செவ்வாய்

இன்றோடு காருக்குக் கம்பனி தந்த உத்தரவாதம், வொறன்ரி, முடிந்தது. லீசிங் மட்டும் இன்னும் முடியவில்லை. எதை எப்போது முடிக்கவேண்டும் என்று கம்பனிக்காரருக்கு நன்றாகத் தெரியும்.

காலையில் அம்மா மீன் வெட்டிக்கொண்டிருந்தா. "அம்மா, கம்பனி இண்டையோடை காரைக் கைவிட்டிட்டுது. இனி உங்கடை அந்தோனியார்தான் பொறுப்பு" என்றேன். பகிடிக்குத்தான். அம்மா கத்தியை நிறுத்தினா. கண்ணாடி அலுமாரிக்குள் இருந்த லூர்து மாதாவை ஒருதரம் பார்த்தா. "கம்பனியை விட அவர் நல்லாப் பாப்பார்" என்றா.

பார்க்கட்டும். அந்தக் காரை விட்டால் எனக்கு வேறு இடமில்லை. குருநகர் வீட்டில் என் அறைக்குக் கதவு கிடையாது, ஒரு திரைச்சீலைதான். அம்மா அதை ஒருநாளும் ஒரு தடையாகக் கருதியதில்லை. கதைத்தபடியே உள்ளே வருவா, நான் வாசிக்கும் பக்கத்தின்மேல் மடித்த உடுப்பை வைப்பா, கதைத்தபடியே போவா. காருக்கு நாலு கதவு. நாலும் பூட்டும்.

காங்கேசன்துறை நூலகத்தில் எனக்கு வேலை முடிவது நாலரைக்கு. வீட்டில் சொல்லியிருப்பது ஐந்தரை. இடையில் உள்ள ஒரு மணித்தியாலம் கீரிமலையில், கடலைப் பார்த்து நிறுத்திய காருக்குள், நானும் ஒரு புத்தகமும். இந்த டயறி எழுதுவதும் அங்கேதான்.

என்னுடைய வொறன்ரி எப்போது முடிந்தது என்று அம்மாவிடம் கேட்டால், "இருபத்தஞ்சிலை" என்பா. மாப்பிள்ளை பார்க்கத் தொடங்கி மூன்று வருடமாகிறது.

22 மே

அம்மாவின் சங்கிலியில் இருந்த அந்தோனியார் மெடலைக் காணவில்லை. காணாமற்போனதையெல்லாம் தேடித் தருகிற புனிதர். அவரே காணாமற்போனால் யாரிடம் மன்றாடுவது என்று கேட்டேன். அகப்பையை ஓங்கினா. "அவரட்டைத்தான். தன்னைத் தானே தேடித் தருவார்."

24 மே

கார் ஸ்ராட் பண்ணும்போது ஒரு கனைப்பு. சோழகக் காற்றின் தூசியாக இருக்கும். (எஞ்சினைப் பற்றிய என் அறிவு இவ்வளவுதான்.)

27 மே, செவ்வாய்

செத்துப்போச்சு. கீரிமலையில். வேறெங்கேயும் சாகத் தெரியாதா அதற்கு?

வீட்டுக்குத் திரும்ப வெளிக்கிட்டேன். முதலில் யாரோ உள்ளே உலக்கை போடுகிற மாதிரி ஒரு சத்தம். பிறகு சிவப்பு லைற். பிறகு ஒன்றுமே இல்லை. கோயில் வளைவுக்குக் கிட்ட, தீர்த்தமாடி ஈரத்தலையோடு வந்த சனம் சுற்றி நின்று பார்த்தது. அப்பாவுக்குப் போன் எடுத்தேன். "எங்கை நிக்கிறாய்?" என்ற கேள்விக்கு முதன்முறையாக உண்மை சொல்லவேண்டி வந்தது.

அப்பா பக்கத்து வீட்டு லோஜன் அண்ணையின் லொறியில், தன் மீன்பிடிப் போட்டின் நங்கூரக் கயிற்றோடு வந்து இறங்கினார். முடிச்சுப் போட்டபடி, "கடலிலை நிண்ட போட்டையே கட்டி இழுத்தனான். இது றோட்டுத்தானே" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை. அதுதான் அப்பா.

காரைக் கராஜில் விட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் வாசலில் அம்மா. காரைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

"ஆர் அவன்?"

"எவன்?"

"கீரிமலையிலை நிக்கிறவன்."

"ஒருத்தரும் இல்லையம்மா. அங்கை இருந்து வாசிக்கிறனான்."

"வாசிக்கக் கீரிமலைக்குப் போறவள்! கேக்கிற எனக்கே வெக்கமாக்கிடக்கு."

ஒருவன் இருந்திருந்தால் நம்பியிருப்பா. புத்தகத்தை யார் நம்புவார்கள்?

29 மே

கம்பனிக் கராஜ். பொறுப்பாளர் செல்வநாயகம் அண்ணை, நெற்றியில் திருநீறு, கையில் கிறீஸ். ஓயில் பார்க்கிற கம்பியை இழுத்துக் காட்டினார். பால்தேத்தண்ணி நிறம்.

"ஓயிலுக்கை தண்ணி கலந்திருக்குத் தங்கச்சி. அதோடையே ஓடியிருக்கிறியள். எஞ்சின் துலைஞ்சுது."

"வொறன்ரி?"

"போன கிழமை முடிஞ்சுதெல்லோ." செத்தவீட்டில் துக்கம் விசாரிக்கிற குரல். கம்பியைத் துணியில் துடைத்தபடி, "உள்ளுக்கை தண்ணியை மறிக்கிற கஸ்கெற் வெடிச்சு றேடியேற்றர்த் தண்ணி இறங்கியிருந்தா, அது கம்பனிப் பிழை. எனக்கு உதிலைதான் சந்தேகம். நீங்கள் கொழும்புக்கு ஒரு கடிதம் போடுங்கோவன்" என்றார்.

போட்டேன். போட்டேன் என்றால் என்ன, ஒரு போர் தொடுத்தேன். 'அதுவரை ஒழுங்காக ஓடிய எஞ்சின் வொறன்ரி முடிந்த கிழமையே நின்றதைத் தற்செயல் என்று நம்புவதற்கு எனக்குப் போதிய விசுவாசம் இல்லை.' இந்த வரியை மூன்று தரம் வாசித்துவிட்டு எனக்கு நானே தலையாட்டினேன். இத்தனை வருடம் வாசித்ததற்கு ஒரு பிரயோசனம் வேண்டாமா?

இப்போது பஸ்ஸில் போய்வருகிறேன். வாசிக்க முடியாது. பக்கத்தில் இருப்பவரும் சேர்ந்து வாசிக்கிறார்.

4 யூன்

வென்றேன்! கொழும்பிலிருந்து பதில் வந்தது. கம்பனிப் பிழைதான் என்று செல்வநாயகம் அண்ணை கழற்றிப் பார்த்து எழுதிக்கொடுத்தால், புது எஞ்சின் அவர்களுடைய செலவில். குசினிக்குள் நின்று ஆடினேன். அம்மா ஆடவில்லை. கழுவின கோப்பையைத் திரும்பக் கழுவினா.

6 யூன், வெள்ளி

கண்ணாடி அலுமாரியைத் துடைத்தேன். பிரான்ஸ் சின்னம்மா லூர்துவிலிருந்து கொண்டுவந்த பிளாஸ்ரிக் மாதா, உள்ளே நிறையப் புனித தண்ணீர், நீலக் கிரீடம்தான் மூடி. அப்பாவின் ஒப்பரேசனுக்குக்கூட அம்மா அதில் சில துளிதான் எடுத்தவ. இன்று தூக்கினால் பஞ்சு மாதிரி இருக்கிறது.

"அம்மா, இதுக்குள்ளை இருந்த தண்ணி எங்கை?"

"வத்தியிருக்கும்."

"மூடின போத்திலிலையோ?"

அம்மா திரும்பவும் கோப்பை கழுவத் தொடங்கினா. ஓயில் கம்பியின் பால்தேத்தண்ணி நிறம் ஞாபகம் வந்தது.

"அம்மா. எங்கை ஊத்தினனீங்கள்?"

"நீதானே சொன்னனீ, இனி அந்தோனியார் பொறுப்பெண்டு. எஞ்சினுக்கு மேலை ஒரு மூடி இருந்தது. திறந்து விட்டன்."

"ஐயோ, அது ஓயில் விடுற மூடி!"

"எனக்கென்ன தெரியும்? அப்பான்ரை போட் மிசினுக்குப் பாதர் வெளியாலைதான் தெளிச்சவர். அது மூண்டுதரம் கடலிலை நிண்டது. உள்ளுக்கை விட்டாத்தானே பிடிக்கும்?"

இந்த நியாயத்தில் எங்கே பிழை என்று இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். காரின் முன்மூடியை, பொனற்றை, திறப்பதை அப்பாவைப் பார்த்துப் பழகினாவாம். பிறகு, முந்தானையால் மூக்கைத் துடைத்தபடி, "நீ தனியத் திரியிறாய். எனக்கு வேறை என்ன செய்யத் தெரியும்? ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை, பிள்ளை" என்றா.

அந்தப் பகிடியை நான் விடாமல் இருந்திருந்தால்—

7 யூன்

வாயை மூடிக்கொண்டிருந்தால் புது எஞ்சின். திறந்தால் திரைச்சீலை.

கஸ்கெற் என்று செல்வநாயகம் அண்ணை தானாகத்தானே சொன்னார்? நானா சொன்னேன்? அவர் அப்படியே எழுதிவிட்டால் அது என் பிழையா? இதைச் சுற்றிச் சுற்றி மூன்று பக்கம் எழுதிக் கிழித்தேன். பெரிய நியாயமெல்லாம் வந்தது. ஆனால் கீழே கையெழுத்துப் போடப்போகிறவர் அவர். நான் பொய் சொல்லலாம். ஐந்தரை ஐந்தரை என்று சொல்லி நல்ல பழக்கம். இன்னொருவரின் கையால் அதை எழுதுவிப்பது வேறு.

திங்கள் போகிறேன்.

9 யூன், திங்கள்

"அண்ணை, ஒரு விசயம் சொல்லோணும்—"

"பொறுங்கோ தங்கச்சி, முதல் நான் ஒண்டு கேக்கிறன்." துணி ஒன்றை விரித்தார். உள்ளே கறுப்பாய், சின்னதாய், வளையம் பிரிந்த ஒரு மெடல். "எஞ்சின்ரை மேல்மூடியைக் கழட்டினன். உள்ளுக்கை இருந்தார். இவரைத் தெரியுமோ?"

கையில் பாலனைத் தூக்கிக்கொண்டு, ஓயிலில் குளித்து, அந்தோனியார்.

"தெரியும். எங்கடை வீட்டுக்காரர்தான்."

எல்லாவற்றையும் சொன்னேன். அவர் சிரித்துச் சிரித்து ஒரு பழைய ரயரில் இருந்துவிட்டார். "எங்கடை ஆக்களும் லேசுப்பட்டவை இல்லை. ஒருத்தர் பற்றறிக்குத் தீர்த்தம் விட்டிட்டு என்னோடை சண்டைக்கு வந்தவர்" என்றார். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "கஸ்கெற்றிலை ஒரு பிழையும் இல்லை. கொழும்புக்கு என்ன எழுத?"

"நடந்ததை எழுதுங்கோ."

"எழுதினா எஞ்சின் வராது."

"ஓம்."

"அம்மான்ரை பேரை விட்டிட்டு எழுதிறன்" என்றார். நல்ல மனிதர்.

வீட்டில் மெடலைக் கொடுத்தேன். அம்மா ஓயில் மணத்தோடேயே முத்தமிட்டா. "பாத்தியே! தேடித் தந்திட்டார்."

"எஞ்சினைக் கழட்டி!"

"பின்னைக் கழட்டாமல் எப்பிடி எடுக்கிறது?"

இனி அப்பாவுக்கு ஒளிக்க முடியாது. முழுவதையும் கேட்டுவிட்டு, நங்கூரக் கயிற்றைத் தோளில் போட்டபடி அம்மாவிடம் திரும்பினார். "மார்கிரட், நீ இனி என்ரை போட்டுப் பக்கம் வராதை."

13 யூன், வெள்ளி. அந்தோனியார் திருநாள்

கார் வீட்டு முற்றத்துக்கு வந்துவிட்டது, அதே நங்கூரக் கயிற்றில். முன்பக்கம் வெறும் குழி. பாவித்த எஞ்சின் ஒன்றுக்குச் சொல்லி வைத்திருக்கிறோம். அது எப்போது வருமென்று இனி அந்தோனியாரிடமும் கேட்பதாக இல்லை.

பூசை முடிந்து வந்து, புத்தகத்தோடு உள்ளே ஏறிப் பூட்டிக்கொண்டேன். முன்னால் கடல் இல்லை, லோஜன் அண்ணை வீட்டு மதில்தான். இரண்டு பக்கம் வாசித்திருப்பேன். கண்ணாடியில் ஒரு சத்தம். நகத்தால், மெல்ல, இரண்டு தட்டு.

அம்மா. ஒரு கையில் தேத்தண்ணி, மற்றக் கையில் கோயிலில் மந்திரித்துத் தந்த பாண் துண்டு. கழுத்தில், புது வளையத்தில், அவர். தட்டிவிட்டு நின்றுகொண்டிருந்தா. என் அம்மா, தட்டிவிட்டு, நின்றுகொண்டிருந்தா.

கதவைத் திறந்தேன்.

"வரலாமோ?"

மற்றச் சீற்றில் ஏறி, கதவைச் சாத்தி, மதிலைப் பார்த்தபடி பேசாமல் இருந்தா.

"கீரிமலையிலையும் இப்பிடித்தான் இருக்கிறனியோ?"

"ஓம்."

"ஒருத்தரும் இல்லாமல்?"

"ஓம்."

சீற்றில் நன்றாகச் சாய்ந்துகொண்டா. "நல்லாத்தான் இருக்கு" என்றா. எனக்குக் கொண்டுவந்த தேத்தண்ணியைத் தானே குடித்து முடித்தா.