வாசலில் வந்து கேட்டவர்

இன்று காலை தெருவெங்கும் ப்ளீச்சிங் பவுடர் தூவிவிட்டுப் போனார்கள். ஜன்னலைச் சாத்தத்தான் எழுந்தேன்; மனம் வரவில்லை. கல்யாணமான நாளிலிருந்து உங்கள் சட்டையில் எத்தனை துவைத்தும் போகாத வாசனை அது. கொரோனா என்று என்னை வீட்டோடு வைத்து, வாசலில் தகரம் அடித்திருக்கிறார்கள். நீங்கள் போனபோது சட்டைகளையெல்லாம் யார் யாருக்கோ கொடுத்துவிட்டேனே, ஒன்றையாவது வைத்திருக்கக் கூடாதா என்று அழுகை வந்தது.

தாம்பரம் பக்கம் காலரா பரவிய அந்தக் கோடை நினைவிருக்கிறதா? சுகாதார ஆய்வாளர் என்று பெயர்தான் பெரிது. உங்களிடம் இருந்தது ஒரு பழைய சைக்கிள். சிட்லபாக்கத்தில் அப்போது வீட்டுக்கு வீடு கிணறு. மருந்து போட்டால் இறைக்க இறைக்கப் போய்விடும். நீங்களும் உங்கள் ஆட்களும் மண்பானையில் துளை போட்டு, ப்ளீச்சிங் பவுடரையும் மணலையும் கலந்து நிரப்பி, கயிறு கட்டிக் கிணற்றுக்குள் தொங்கவிட்டீர்கள். மருந்து கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டே இருக்கும்.

"காப்பி நாறுது சார்" என்று நம் வீட்டுக்கார அம்மாவே பானையைத் தூக்கி வெளியே வைத்தார். நீங்கள் சண்டை போடவில்லை. அந்தக் காப்பியையே கேட்டு வாங்கிக் குடித்துவிட்டு, "நல்லாத்தானேம்மா இருக்கு" என்று பானையை மறுபடி இறக்கினீர்கள். நான் போட்ட காப்பியை ஒரு நாளாவது அப்படிச் சொன்னதுண்டா நீங்கள்?

தினமும் வாசல் வாசலாக ஏறி, "யாருக்காச்சும் வயித்தால போகுதா?" என்று கேட்பீர்கள். கேட்டதால்தான் நோய் முற்றுவதற்குள் உப்புச் சர்க்கரைக் கரைசல் கொடுத்துப் பலரைக் காப்பாற்ற முடிந்தது. ஏரிக்கரையில் தனியாக இருந்த டீச்சரம்மா மட்டும், காலரா அடங்கிய பிறகும், "லேசா வயித்த வலிக்குது சார்" என்றே சொல்லிக்கொண்டிருந்தார். சாப்பாடு ஆறிப்போன ஒரு மத்தியானம் நான் கத்தினேன்.

"அவங்களுக்கு ஒண்ணுமில்லன்னு ஊருக்கே தெரியும். இன்னும் எதுக்குப் போறீங்க?"

"எனக்கும் தெரியும்" என்றீர்கள். "கேக்க ஒரு ஆள் வேணும் அவங்களுக்கு. போய்க் கேட்டுட்டு வந்துடறேன்."

இப்போது ஒரு பெண் தினமும் தகரத்துக்கு அந்தப் பக்கம் நின்று, "ஜுரம் இருக்காம்மா? மூச்சு வாங்குதா?" என்று கேட்கிறாள். நாள் முழுக்க நான் பேசுகிற ஒரே ஆள் அவள்தான். இன்று, "எல்லாம் நார்மல்மா. நாளைக்குத் தகரத்தப் பிரிச்சிடுவாங்க. இனிமே நான் வரவேண்டியதில்ல" என்றாள்.

சொன்னால் சிரிப்பீர்கள்.

"தொண்டை மட்டும் லேசா கரகரங்குது" என்றேன்.

போகத் திரும்பியவள் நின்றாள்.

"சரிம்மா, நாளைக்கும் வந்து கேக்கறேன்" என்றாள்.