கூண்டின் மேல் போட்ட துணி

மார்ச் 4
குடியிருப்புச் சங்கச் செயலாளர் படிக்கட்டிலேயே வழிமறித்தார். "மாசக் கடைசிக்குள்ள பூனைங்க போகணும். இல்லேன்னா சாக்குல கட்டி எங்கேயாவது தூரத்துல விட்டுடுவேன்." எல்லாவற்றுக்கும் அறுவை செய்து இங்கேயே கொண்டுவந்து விடுகிறேன், குட்டி போடாது, கூட்டம் பெருகாது என்றேன். "பூனைக்குக் குடும்பக் கட்டுப்பாடா!" என்று சிரித்தார். சிரிக்கட்டும். தவணை கிடைத்ததே.

மார்ச் 15
ஏழு முடிந்தது. அறுவை ஆனதற்கு அடையாளமாக ஏழுக்கும் இடது காது நுனியை வெட்டியாகிவிட்டது. பாக்கி, சீமாட்டி என்று நான் கூப்பிடும் பெண் பூனை மட்டும். மூன்று நாளாகக் கூண்டை மோந்து பார்க்கிறாள், என்னை ஒரு பார்வை பார்க்கிறாள், போய்விடுகிறாள். திமிர் பிடித்தவள்.

மார்ச் 18
சாயங்காலம் மாட்டிக்கொண்டாள்! கதவு விழுந்த கையோடு துணியைப் போட்டு மூடிவிட்டேன். இருட்டாக இருந்தால் பயம் அடங்கும். என் மேலெல்லாம் மீன் நாற்றம். "நீயே ஒரு பூனைதான்டி" என்கிறாள் அக்கா.

மார்ச் 19
காலையில் ஆஸ்பத்திரியில் விட்டுவிட்டுத் தையல் கடைக்குப் போனேன். மத்தியானம் டாக்டரம்மா போன். "மயக்கம் குடுத்து, வயித்துல முடி மழிக்கும்போதுதான் பார்த்தேன். பால் இருக்கு. குட்டிங்க எங்கே?"

குட்டிகளா?

மூடுவதற்கு முன் வயிற்றைப் பார்த்திருக்க வேண்டும். முதலில் பார்க்க வேண்டியதே அதுதானே? ஏழு பிடித்தவளுக்கு இது தெரியாதா? பெரிய கெட்டிக்காரி நான்!

படிக்கட்டின் அடி, தண்ணீர்த் தொட்டி, குப்பை அறை - எங்குமே இல்லை. என்ன தேடுறீங்க என்று வந்த செயலாளரிடம் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன். சட்டைக் கையை மடித்துக்கொண்டு சைக்கிள்களுக்கு நடுவே தவழ ஆரம்பித்துவிட்டார்.

ஐந்தரை மணிக்குச் சீமாட்டியை ஆஸ்பத்திரியிலிருந்து கொண்டுவந்து திறந்துவிட்டு இரண்டு பேரும் பின்னால் ஓடினோம். தள்ளாடிக்கொண்டே போனாள். மோட்டார் அறைக்குப் பின்னால், சாய்த்து வைத்த பழைய கதவுகளுக்கு இடையில் மூன்று குட்டிகள். இரண்டு சில்லிட்டுக் கிடந்தன. அவற்றையும் விடாமல் நக்கினாள்.

மார்ச் 21
மூன்றாவதும் போய்விட்டது.

மார்ச் 24
"வேணும்னா செஞ்சே? விடுடி" என்கிறாள் அக்கா. வேணும்னு செய்யலதான். அதுக்கு என்ன இப்போ? மூணும் செத்துப்போச்சு.

மார்ச் 31
சாக்கு என்ற பேச்சையே செயலாளர் எடுக்கவில்லை. அவர் வாசலில் ஒரு தட்டு இருந்தது, சீமாட்டி தின்றுகொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் பாதியில் விட்டுவிட்டு மதில் ஏறிப் போனாள்.

அவர் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார்: "தப்பா நினைக்காதீங்கம்மா. அது சாப்பிடுற நேரத்துல மட்டும் பின்பக்கப் படியில போய்க்கோங்க."

சரி என்று சொல்லிவிட்டுப் பின்பக்கமே போனேன்.